ஜப்பான்காரிக்கு ‘ஹேவ்’ பாடம்

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை யாராவது அழுத்திச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வரும். பத்து வயதில் அந்த ஒற்றைச் சொல்லுக்காக நான் வீட்டுக்குள் குடை பிடித்து நின்றிருக்கிறேன், புத்தகப்பை தூக்கியிருக்கிறேன், காய்ச்சலே இல்லாமல் நெற்றியில் ஈரத் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு முனகியிருக்கிறேன். எல்லாம் கடல் கடந்து எங்கேயோ இருந்த ஒரு ஜப்பான்காரிக்குப் புரியவேண்டும் என்பதற்காக.

அப்பா ஏழு வருடம் மஸ்கட்டில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவர். லீவில் வந்தவர் இனிப் போகமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் வழியாக ஜப்பான்காரர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனி அவரை மூன்று மாதத்துக்குச் சோதனையாக எடுத்திருந்தது. அதற்குள் அவரிடம் படிக்கிற ஒருவராவது ஆறு மாத வகுப்புக்குச் சேர்ந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் விசா முடிவதற்குள் மஸ்கட்டுக்கே திரும்பிப் போகவேண்டும். இதை அப்பா ஒன்றும் மறைத்துவைக்கவில்லை. சாப்பிடும்போதும் சொன்னார், பல் தேய்த்துக்கொண்டே நுரையோடும் சொன்னார். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. மஸ்கட் என்றால் எனக்கு மிட்டாயும் வாசனை சோப்பும் அடைத்த பெட்டி. அப்பா வீட்டில் இருப்பது என்றால் ‘சத்தம் போடாதே’.

அந்தச் சத்தம் போடாதே இருக்கிறதே, அப்பப்பா! சாயங்காலம் நாலரைக்கு வகுப்பு. அங்கே அப்போது ராத்திரி எட்டு மணியாம். நாலரைக்குமேல் மிக்சி ஓடக்கூடாது, டிவி கூடாது, தும்மல் வந்தால் கிணற்றடிக்கு ஓடவேண்டும். பக்கத்துத் தோப்பில் தேங்காய் வெட்டுகிறவரிடம் போய், காயை மட்டும் கொஞ்சம் மெல்லப் போடமுடியுமா என்று கேட்டாரே மனிதர். அவர் மரத்தின் பாதியில் நின்றபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நிலையாக வந்தது ஒரே ஒரு பெண்தான். ஐம்பது வயதிருக்கும். மெல்லிய கண்ணாடி, ஒட்ட வெட்டிய முடி. வந்ததும் ஒரு தடவை குனிவாள், போகும்போது மூன்று தடவை குனிவாள். நடுவில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆறு வாரமாகத் தவறாமல் வந்தாள், ஆறு வாரமாக வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதத்துக்குச் சேர்ந்தால் இவள்தான் சேரவேண்டும் என்று அப்பா சொல்லுவார். எங்கள் வீட்டில் அவளுக்கு ஜப்பான்காரி என்றுதான் பெயர்.

அந்த வாரம் கம்பெனி கொடுத்திருந்த பாடம் ‘ஹேவ்’. அவளுக்கு அது பிடிபடவே இல்லை. கையில் குடை இருந்தாலும் ஹேவ், வீட்டில் தம்பி இருந்தாலும் ஹேவ், உடம்பில் காய்ச்சல் இருந்தாலும் ஹேவ், மத்தியானம் சாப்பிட்டாலும் அதுவேதான். குடையும் தம்பியும் ஒன்றா என்று அவள் கேட்டாள். அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர்கள் பாஷையிலும் தம்பி இருக்கிறான் என்றுதான் சொல்லுவார்களாம், நம்மைப் போலவே. நமக்கும் அந்தச் சொல் கிடையாது, அவர்களுக்கும் கிடையாது, ஆகவே இங்கிலாந்துக்காரன் சொல்லிக்கொடுப்பதைவிட நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன் என்று அம்மாவிடம் அளந்தார். அம்மா குழித்துறையில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், உம் கொட்டிக்கொண்டே தூங்கிப்போனாள்.

சொல்லிக்கொடுத்தது அப்பா, குடையும் பையும் காய்ச்சலுமாக நின்றது நான். அதே நாட்களில்தான் ஐந்து மணிக்குக் கோயிலில் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஒத்திகை. எனக்குத் தேவதூதர் வேஷம். மூன்று நாள் தொடர்ந்து பிந்திப் போனேன். நாலாம் நாள், சிறகை வேறொரு பிள்ளைக்குக் கட்டிவிட்டார்கள். எனக்கு ஆட்டிடையரில் கடைசி ஆள். அதற்கு வசனமும் கிடையாது. அப்பாவிடம் சொன்னால், இடையரும் முக்கியம்தான் மக்கா என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்றிருந்தது.

கம்பெனி ஒரு கட்டளைத் தாளும் அனுப்பியிருந்தது. படிக்க வருகிறவர்களிடம் வயது, கலியாணம், பிள்ளைகள், சம்பளம் எதையும் கேட்கக்கூடாது. அப்பா அதைத் தமிழில் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். அடுத்த வீட்டில் இருந்த மாமி, அதாவது அப்பாவின் அக்கா, அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இதொண்ணும் கேக்காம ஒரு மனுஷிகிட்ட வேற என்னத்தப் பறையது?”

மாமியைக் குற்றம் சொல்லமுடியாது. எங்கள் பக்கத்தில் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால், அழகியமண்டபம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், மருமகன் எங்கே வேலை என்பதுவரை தெரிந்துவிடும். கேட்காமல் இருந்தால்தான் இவளுக்கு என்ன பவுரு, என்ன திமிர் என்பார்கள்.

சிறகு பறிபோன மறுநாள் வகுப்பு பாதியில் இருக்கும்போது மீன்காரர் வந்துவிட்டார். பைக்கை எங்கள் வாசலில் நிறுத்தி, யாராவது வெளியே வரும்வரை ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். அப்பா ஜப்பான்காரியிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். அந்த நேரம் பார்த்து மாமி ஒரு தட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தொட்டுக்கொள்ள மிளகுச் சம்மந்தியுமாக அடுக்களை வழியே உள்ளே வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

ஜப்பான்காரி குனிந்தாள். மாமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

“ஏட்டி, இவளுக்கு மாப்பிள உண்டுமான்னு கேளு.”

நான் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். கடிகாரத்தையும் பார்த்தேன். ஐந்தாக ஐந்து நிமிடம். தெரிந்தேதான் கேட்டேன். இந்த வகுப்பு இன்றைக்கே ஒழிந்து போகட்டும் என்றுதான் கேட்டேன். “டு யூ ஹேவ் எ ஹஸ்பெண்ட்?”

அவள் திடுக்கிட்டாள். பிறகு இல்லை என்றாள். பிள்ளைகள்? அதுவும் இல்லை. அப்படியானால் வீட்டில் யார் என்று மாமி விடாமல் கேட்கச் சொன்னாள். ஜப்பான்காரி திரும்பிப் பின்னால் பார்த்தாள். “ஐ ஹேவ் மை மதர்” என்றாள். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயதாம். படுக்கைதானாம். சில நாள் இவளை மகள் என்று தெரியுமாம், சில நாள் நர்ஸ் என்று நினைத்து நன்றி சொல்லுவாளாம். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கவேண்டுமாம். தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல மாமி ஐயோ ஐயோ என்றாள்.

“அப்பம் நீ எப்பம் சோறு திங்க? ஆரு உனக்கு வச்சுத் தருவா?”

இதைக் கேட்டதும் ஜப்பான்காரி சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பின்னால் கட்டிலில் சுருண்டு கிடந்த ஒரு கிழவியைக் காட்டினாள். மாமி மரச்சீனித் தட்டைத் தூக்கிக் காட்டினாள். ஆறு வாரத்தில் பேசாததையெல்லாம் அவள் அந்தப் பத்து நிமிடத்தில் பேசித் தீர்த்தாள்.

அப்பா கையில் ஒரு பொதி சாளையோடு வந்து நின்றார். மீன்காரரிடம் வாங்காமல் தப்பமுடியவில்லை போலிருக்கிறது. என் வாயிலிருந்து அப்போதுதான், உனக்குச் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி வந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. மாமியை எழுப்பிவிட்டு, மீனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து சாரி, வெரி சாரி என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். அவர் பார்க்கவே இல்லை. சொல்லிக்கொண்டே வகுப்பை முடித்துவிட்டார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமியையும் திட்டவில்லை. நேராக உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் அடிக்கத் தொடங்கினார். நான் ஒத்திகைக்குப் போய், ஒரு மூலையில் கம்போடு நின்றுவிட்டுத் திரும்பியபோதும் அடித்துக்கொண்டிருந்தார். அவளே ஒன்றும் சொல்லாதபோது நீங்கள் ஏன் சொல்லவேண்டும், சும்மா இருங்கள் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. தன் வீட்டார் விதியை மீறிவிட்டதாகவும், பொறுப்பு தன்னுடையது என்றும், தயவுசெய்து மன்னிக்கவேண்டும் என்றும் எழுதி அனுப்பினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மாமிக்கும் அம்மாவுக்கும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அந்தப் பெண் அன்றைய வகுப்புக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தாள். இங்கிலீஷில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை என்று எழுதி, அன்றைக்கே ஆறு மாதத்துக்குச் சேர்ந்தும் இருந்தாள். ஆனால் விதியை மீறியதை ஆசிரியரே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதால் கம்பெனி அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாதாம். அவளை வேறொரு ஆசிரியரிடம் மாற்றிவிட்டார்களாம்.

“ஏலே, ஆராவது கேட்டாவளா உங்கிட்ட?” என்று மாமி அப்பாவைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள். இவ்வளவு எளிதாகக் கிடைத்ததை இப்படியா ஒரு மனிதர் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வார்? அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறமாட்டேன் என்கிறது.

அப்பா அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போய், எதற்குத்தான் எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்.

“அவிய கண்டுபிடிக்கதுக்கு முன்ன நம்மளே போய்ச் சொல்லிரணும் மக்கா. அப்பம் எல்லாரும் பாக்க நின்னு ரொம்ப ஏச்சு கேக்காண்டாம். அங்க மஸ்கட்டுக் கடையில அப்படித்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய அப்பாவை எல்லோருக்கும் முன்னால் நிறுத்திவைத்து ஏச ஒருவர் இருப்பார் என்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உங்களைப் போய் யார் அப்பா ஏசுவார்கள் என்று கேட்டேன். அவரும் சிரித்தார். அவரும் சிரித்ததால், நான் கேட்டது வேடிக்கையான கேள்விதான் என்று நினைத்துக்கொண்டேன்.