அடுத்த வாரத்துச் சர்க்கரை

எங்க வீட்டுக்காரர் டைல்ஸ் போடுறவர். தரையில ஒரு நூல் ஏறி இறங்கியிருந்தாலும் பேத்தெடுத்து மறுபடி ஒட்டிட்டுத்தான் சாப்பிட உக்காருவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சர்க்கரை நோட்டுல பண்ணி வெச்ச காரியத்தைச் சொல்லவே அருவருப்பா இருக்கு.

காலையில வெறும் வயித்துல விரல்ல குத்தி, மெஷின் காட்டுற நம்பரை நோட்டுல எழுதணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். இவரும் எழுதினார். முதல் வாரம் எகிறிக் கிடந்துச்சு, அப்புறம் நூத்திப் பத்து, நூத்தியெட்டு, நூத்திப் பன்னெண்டு. டாக்டர் பார்த்துட்டு அதே மாத்திரையே போதும்னுட்டார். ஆனா டைல்ஸ் சில்லு கிழிச்ச கால் கட்டைவிரல் ரெண்டு மாசமா ஆறல. கட்டைப் பிரிச்சா ஒரு வாடை வரும் பாருங்க, சீ! தள்ளிப் போய் உக்காருங்கன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு விரட்டுவேன்.

ஒரு திங்கக்கிழமை நோட்டைப் புரட்டினேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் எழுதியாச்சு. இன்னும் விடியாத நாளுக்கெல்லாம் சர்க்கரை! மெஷினை அமுக்கினா பேட்டரி செத்து எத்தனை நாளாச்சோ. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்.

அப்பவே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். சர்க்கரைக்காரங்களைப் பார்க்குற நர்ஸம்மா குத்திப் பார்த்தாங்க, முன்னூத்தி நாப்பது. முகம் சுளிக்காம அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில வெச்சுக்கிட்டாங்க. விரல் பிழைக்குமான்னு பெரிய டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்னாங்க. நான் நோட்டுக் கதையைச் சொல்லிப் பொரிஞ்சு தள்ளினேன். அவங்க இவர்கிட்டதான் கேட்டாங்க.

"நிஜத்தை எழுதினா என்ன ஆகும்னு பயந்தீங்கண்ணே?"

"முதல் வாரம் நிஜத்தைத்தான் எழுதினேன் சிஸ்டர். இவ அதைப் போன்ல ஊருக்கே வாசிச்சா. பிள்ளைங்க முன்னாடி, தின்னே அழியுற ஜென்மம்னா."

சொன்னேன்தான். தட்டைக்கூடப் பிடுங்கினேன். இவர் மேல இருந்த வெறுப்பெல்லாம் அப்படியே என் மேல திரும்பிச்சு. சீன்னு போச்சு எனக்கு.

மருந்து எடுக்க எழுந்த நர்ஸம்மா, காலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மான்னாங்க. ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான் அந்தக் காலைத் தொட்டேன். ரெண்டு கையாலயும் பாதத்தை இறுக்கிப் பிடிச்சேன். சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த இவருக்கு, கால் மரத்துப் போயிருந்ததுல நான் பிடிச்சதே தெரியல.