காற்றில் சுற்றும் ஷாஃப்ட்

பத்து காவான் என்ற ஊரில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு வகை பேரிங் செய்கிறோம். அதற்குள் குண்டும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. ஷாஃப்ட் என்னும் சுழல் தண்டுக்கும் அதைச் சுற்றியிருக்கும் குழலுக்கும் நடுவே காற்றை அழுத்தி அனுப்பினால், ஷாஃப்ட் எதையும் தொடாமல் மிதந்தபடியே சுற்றும். அந்தக் காற்றுப் படலம் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் ஷாஃப்டின் மேல் சொரசொரப்பு கூடினால் வினைதான். நீளவாக்கில் கீறல் விழுந்தால் காற்று அதன் வழியே ஓரத்துக்கு ஓடிவிடும். தாங்குவதற்குக் காற்று போதாமல் ஷாஃப்ட் சாய்ந்து குழலை உரசும். உரசினால் கதை முடிந்தது.

அந்தச் சொரசொரப்பை அளப்பது என் வேலை. ஷாஃப்டைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவில் என் மனைவி சேர்ந்தாள். பிறந்த சில நாட்களிலேயே எங்கள் மகள் போய்விட்ட பிறகு, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கெலுகோரில் இருக்கும் எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்தபடி கிடந்தவள் அவள். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் மறுபடியும் கண்ணுக்கு மை இட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்று எனக்கும் உயிர் வந்தது.

புரொபேஷன் முடிகிற வாரம், அவள் தனியாகச் செய்து முடித்த முதல் ஷாஃப்ட் என் மேசைக்கு வந்தது. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடியும் அந்தச் சுவர்.

அளக்கும் ஊசியைக் குறுக்கே ஓட்டினேன். திரையில் கோடு அலுங்காமல் போனது. இவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை, பெருமையாகக்கூட இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கோடு குதித்தது. திரும்ப ஓட்டினேன். திரும்பவும் குதித்தது. அவளைக் கூப்பிட்டேன்.

“இந்த எடத்துல என்னா செஞ்ச?”

“பொட்டு வெச்சேங்க.”

“என்னா பொட்டு?”

“திருஷ்டிப் பொட்டு. ரொம்ப அழகா வந்துருச்சு, பாத்தவங்க எல்லாம் சொன்னாங்க. பயமா இருந்துச்சு. கையுறைய கழட்டிட்டு, கண்ணு மைய விரல்ல தொட்டு வெச்சேன். உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி தொடைச்சிட்டேன்.”

மெருகேற்றும் மேசையில் கிடந்த துணியால் துடைத்திருக்கிறாள். அந்தத் துணியில் தேய்ப்புப் பொடி ஒட்டியிருக்கும். மையின் எண்ணெய்ப் பிசுக்கு லேசில் போகவில்லை என்று நீளவாக்கில் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். அழகான எதற்கும் நாமே ஒரு சின்னக் குறை வைத்துவிடுவோம். இந்த ஷாஃப்டுக்கு அது ஆகாது.

“கண்ணுக்கே தெரியலையேங்க.”

“காத்துக்குத் தெரியும் லா.”

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். “என்னா அண்ணே, ஓகேயா?”

“ரிஜெக்ட்” என்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் ஷாஃப்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேலை நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு செய்யட்டும். அதுவும் இப்படி வந்தா, நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

வீடு திரும்பும்போது பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தோம். அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: “பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தப்ப, ஒரு பொட்டு வெச்சிடறேன்னு நர்ஸ்கிட்ட கேட்டேன். கூடாதுன்னுட்டாங்க. வெச்சிருந்தா இருந்திருப்பாளோன்னு இன்னும் தோணுதுங்க.”

இதை அவள் என்னிடம் அதுவரை சொன்னதேயில்லை. காரை ஓட்டிக்கொண்டே அழுதேன்.

அடுத்த ஷாஃப்டை அவளே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இரண்டு கையிலும் உறை இருந்தது. ஊசி சுற்றிலும் ஓடி முடித்தது, கோடு எங்கேயும் குதிக்கவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, “வேலை நிரந்தரம்தான், அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் ஷாஃப்டைப் பெட்டியில் வைத்து மூடியை அழுத்தும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன்.

“அடியில வை. பெட்டிய நான் அளக்க மாட்டேன்.”

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணோரத்தை விரலால் தொட்டாள்.