ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்

அந்த டம்ளரை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் போர் தண்ணீர் குடித்தால் பல்லில் காவி ஏறும். அதனால் வாரம் ஒருமுறை குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை டிரம்மில் பிடித்து, பழைய சேலையால் மூடி, சாமி மாதிரி காப்போம். தண்ணீரில் கொசு மருந்து ஊற்ற வந்த சுகாதாரத் துறைப் பெண்ணை நான்தான் தடுத்தேன். “தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்கக் கூடாதுங்க. டிரம்மைத் தொடாதீங்க.”

பத்தே நாளில் என் மனைவிக்கு டெங்கு. ரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், இறங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தில் பக்கத்து வீட்டு மாதையன் மேல் பாய்ந்தேன். “உன் சாக்கடைக் கொசுதான்டா அவளைச் சாகடிக்குது!”

“எது நடந்தாலும் என் சாக்கடைதானுங்களாண்ணா?” என்றான்.

அந்நேரம் அதே பெண் மறுபடி வந்தார். என் டிரம்மில் ஒரு டம்ளர் மொண்டு வெயிலில் பிடித்தார். உள்ளே நூல் நூலாகப் புழுக்கள் துள்ளின.

“டெங்குக் கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணிதாங்க வேணும். சேலை இடுக்குல பூந்து முட்டை போட்டிருக்கு. அது காய்ச்சல்காரங்களைக் கடிச்சு, அந்தக் கிருமியை அடுத்தவங்க ரத்தத்துல ஏத்திடும்.”

டிரம்மைத் தனியாகக் கவிழ்க்க என்னால் முடியவில்லை. மாதையன்தான் மறுபக்கம் பிடித்தான். “தூக்குங்கண்ணா, எங்க வூட்டுலயும் புள்ளைங்க இருக்குது.”

மனைவி பிழைத்து வந்தாள். கொட்டிய தண்ணீரும் மறுவாரம் குழாயில் வந்துவிட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். மாதையன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது உறைக்கிறது.