பெயர் வெட்டிய தூக்குவாளி

போன வருஷம் வைகாசி கடைசி வாரம். மதுராந்தகத்தில் முப்பத்தோரு வருஷம் குடியிருந்த மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, செங்கல்பட்டில் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் போக ஏற்பாடு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். அவருடைய முட்டி இனிமேல் படி ஏறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்பதால், கையில் இருந்தது ஆறே நாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். படிப்புதான் பாதி, பயம் முழுசு. கேஸை மூடினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள். புது வீட்டுச் சமையலறையை மகள் செல்போனில் காட்டிய அன்றே எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருத்தி உள்ளே நின்றால் இன்னொருத்தி வாசலில்தான் நிற்க வேண்டும். என் பரணிலோ ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காணும் அளவு பாத்திரம்.

மகள் ஸ்டூல் மேல் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினாள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பாத்திரம் வைப்பவர்கள் கடையிலேயே தங்கள் பெயரை வெட்டித்தான் வைப்பார்கள். அதனால் அவள் இறக்கியது பாத்திரமா, சொந்தக்காரர்களா என்றே தெரியவில்லை.

"இது யாரும்மா, அச்சரப்பாக்கம்னு போட்டுகீது?"

"அப்பாவோட பெரிய மாமா. அவரு பூட்டாரு."

"அவரே பூட்டாரு. அண்டா மட்டும் இன்னாத்துக்குக் குந்திகினு கீது?"

கட்டிலில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், "நம்ப ரேஷன் கார்டுல நாலு பேரு. பரண் மேல நாப்பது பேரு" என்றார்.

திருக்கழுக்குன்றத்தில் பௌர்ணமி கிரிவலத்துக்குச் சோறு போடும் ஒரு குழுவுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்று மகள் சொன்னாள். நல்ல காரியம்தான். ஆனால் என் ஓரகத்தி பௌர்ணமி தவறாமல் அங்கே வருகிறவள். பந்தியில் அவள் பெயர் போட்ட குண்டானில் சாம்பார் வந்தால் என்ன ஆகும்? அவள் பேசாவிட்டாலும் மற்றவர்கள் பேசுவார்கள். 'நாங்க வெச்ச சீரைத் தூக்கிக் கொடுத்துட்டா' என்பார்கள். இறந்தவர்கள் பெயரைக் கண்டவர்கள் கையில் கொடுப்பதும் மனசுக்கு ஒப்பவில்லை. இரண்டு நாள் இதையே உருட்டிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். செங்கல்பட்டு பஜாரில் பாத்திரத்துக்கு பாலிஷ் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். மெஷினில் பிடித்தால் பெயர் தேய்ந்துவிடும். பெயரை எல்லாம் அழித்துவிட்டுக் கொடுப்போம்.

"திருட்டு வண்டிக்கு நம்பர் அழிக்கிற மாறி கீதுடீ" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

ஒன்றை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குவாளி.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மாமல்லபுரத்தில் ஒரு சிப்பிக் கடையில் வேலை செய்தேன். சிப்பி கோத்து மாலை கட்ட வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து கோத்தவள் சதுரங்கப்பட்டினத்து முஸ்லிம் வீட்டுப் பெண். அவளும் பாதியில் படிப்பை விட்டவள்தான். மத்தியானம் கடைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து, அவள் சோற்றை நானும் என் சோற்றை அவளும் சாப்பிடுவோம். எனக்கு அப்போதும் பயம்தான். அலை கால் வரை வந்தால் எழுந்து ஓடுவேன். அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். "வந்தா வந்துட்டுப் போவுதுடீ. நம்பளத் தூக்கிகினா பூடும்?" என்பாள். அதற்குப் பிறகு எனக்கு அந்த மாதிரி யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் என் பயம் அப்படி அடங்கவில்லை.

என் கல்யாணத்துக்கு அவள் வைத்ததுதான் அந்தத் தூக்குவாளி. பெயர் வெட்டுகிறவர் எழுதித் தரச் சொன்னதும், அவரிடமே ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, பாத்திரத்தின் மேலேயே தன் பெயரையும் அதற்குக் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறாள். அவர் அதன் மேலேயே வெட்டிவிட்டார். வரி கோணலாகக் கீழே இறங்கிப் போகும். அடுத்த வருஷம் அவளுக்கு நிக்காஹ். வேலூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஊர். நான் என் பெயர் வெட்டிய ஒரு தட்டு வைத்தேன். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. நானும் அடுத்தடுத்துப் பிள்ளை, வீடு என்று விட்டுவிட்டேன். இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. அவள் போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அவள் கை எழுதிய அந்தக் கோணல் வரி மட்டும்தான் இருந்தது.

நான் என்ன செய்தேன் பாருங்கள். வீட்டில் ஆள் நடமாட்டம், மூட்டை கட்டுகிறவர்கள், பழைய இரும்புக்காரர் என்று போக்குவரத்து. யாராவது தெரியாமல் தூக்கிப் போய்விடுவார்களோ என்று பயந்து, தூக்குவாளியைத் துண்டில் சுற்றி அச்சரப்பாக்கம் மாமா அண்டாவுக்குள் வைத்து மூடினேன். அவ்வளவு பெரிய அண்டாவை யார் தூக்கப் போகிறார்கள்?

மறுநாள் காலை என் வீட்டுக்காரர்தான் தூக்கினார். நான் செங்கல்பட்டு வீட்டைக் கழுவிவிடப் போயிருந்த நேரம், தெரிந்த லோடு ஆட்டோக்காரரை வைத்து எல்லாவற்றையும் ஏற்றி பாலிஷ் கடையில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். எனக்கு ஒரு வேலை குறையட்டும் என்று செய்தது.

மத்தியானம் திரும்பி வந்து, அண்டா இருந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்ததும், "அதுக்குள்ள என் தூக்குவாளிய வெச்சிருந்தேனே!" என்று கத்தினேன்.

"எல்லாத்துக்குந்தானே பாலிஷு போடச் சொன்ன?" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்காமல் சட்டையை மாட்டினார்.

பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்தது. பாலிஷ்காரர் பெரிய பாத்திரத்தைக் கடைசியில்தான் எடுப்பார், அண்டாவை இன்னும் திறந்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். கூட வந்த என் வீட்டுக்காரர் வழி முழுக்க ஒரு கிண்டலும் பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடை வாசலில் எங்கள் பாத்திரம் எல்லாம் கண்ணாடி மாதிரி வரிசையாக இருந்தது. ஒன்றிலும் ஒரு பெயர் இல்லை. கடைசியில் தூக்குவாளி. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் என் முகம்தான் தெரிந்தது.

நடு பஜாரில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பாலிஷ் போடுகிறவர் என் வயசுக்காரர்தான். மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா யக்கா, நசுங்கிட்சா?"

"பேரு இருந்துதே அண்ணா."

"நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க!" என்று விழித்தவர், "அழாதீங்க. பேரச் சொல்லுங்க, அஞ்சு நிமிசத்துல வெட்டித் தர்றேன்" என்றார்.

"நீங்க வெட்டினா அது உங்க எழுத்து அண்ணா. அது அவ எழுதினது."

அவர் தூக்குவாளியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். அப்புறம் என்னிடம் நீட்டி, "உள்ள கை வுட்டுப் பாருங்க" என்றார்.

விட்டேன். வழவழ என்றிருந்த தகட்டில், ஓர் இடத்தில் மணல் ஒட்டியது மாதிரி பொடிப் பொடியாகப் புள்ளிகள். வரிசையாக. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் போகிற வரிசை.

"அப்ப எல்லாம் உளி வெச்சு, சுத்தியால தட்டித் தட்டி வெட்டுவாங்க. உள்பக்கம் பொடைச்சிக்கும். இப்ப மெஷின்ல மேலாப்புல கீறிட்டுப் போறோம். என் பாலிஷு வெளியதான் யக்கா. உள்ள போவாது" என்றார்.

செல்போன் விளக்கை உள்ளே அடித்துக் காட்டினார். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி, வலமிருந்து இடமாக, அவள் பெயர். கீழே என் பெயர்.

உள்ளிருந்து பார்த்து வெளியே அதே மாதிரி வெட்டித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இன்னொரு முறை யாரும் அதன் மேல் கை வைக்க விட எனக்குத் தைரியம் இல்லை. தூக்குவாளிக்கு மட்டும் அவர் கூலி வாங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத மாதிரி உள்ளே விரல் விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாத்திரங்கள் திருக்கழுக்குன்றம் போய்விட்டன. ஆனி பிறக்கும் முன்னால் இந்தச் சின்ன வீட்டில் பால் காய்ச்சிவிட்டோம். தூக்குவாளியில் இப்போது சர்க்கரை கொட்டி வைத்திருக்கிறேன். தீர்ந்து கழுவும்போதெல்லாம் விரல் தானாக அந்த இடத்தில் போய் நிற்கும். மாமல்லபுரத்து மணல், சோறு, என் பாவாடையைப் பிடித்திழுத்த கை எல்லாம் வரும். முகம் மட்டும் சரியாக வராது.

அவளுக்கும் என் வயசுதான். அவளும் எங்காவது பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போயிருப்பாள், பரணைக் காலி செய்திருப்பாள், என் பெயர் போட்ட தட்டும் கையில் வந்திருக்கும். அதை அவள் வைத்திருக்க வேண்டும் என்றுகூட நான் ஆசைப்படவில்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் தடவிப் பார்த்திருந்தால் எனக்குப் போதும்.