சக்கையை மறந்த ஈஸ்ட்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் வாசலில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பொம்மை சுடும் சூளைகளுக்கு நடுவே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்த ஆராய்ச்சிக்காரர் வாரம் தவறாமல் சர்க்கரை வாங்க வருவார். ஒட்டிய கன்னம், கையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் வாயில் காதை வைத்து, உள்ளே நுரைக்கிறதா என்று அடிக்கடி கேட்பார். கரும்புச் சக்கையைத் தின்று, வண்டிக்கு ஊற்றும் எத்தனாலைத் தரும்படி மரபணுவை மாற்றி அவர் வளர்த்த ஈஸ்ட் அது.

ஒருநாள் குடுவையை என் மேசைமேல் வைத்தார்.

“மழையில பெண்ணாடம் சர்க்கரை ஆலையிலேர்ந்து சக்கை லோடு வரலைங்க. பட்டினியில செத்துடுமேன்னு ரெண்டு மாசமா சர்க்கரைத் தண்ணி ஊத்தினேன். கூடாதுன்னு தெரியும், மனசு கேக்கல. சுலபமா சாப்பாடு கெடச்சதும், நான் வச்ச மரபணுவையே உதறிடுச்சு. இப்ப சக்கையைத் தொடவே மாட்டேங்குது.”

“மாறாத பழசு கொஞ்சம் எடுத்து வச்சிருப்பீங்களே சார்?”

“இருந்த எல்லாத்துக்கும் ஊத்திட்டேங்க.”

“அப்ப கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்க.”

“பத்து வருஷத்து வேலைங்க. உசுரோட வேற இருக்குது. எப்படிக் கொட்டுறது?”

இவ்வளவு நாளும் சர்க்கரையை டீக்குத்தான் வாங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் குடுவையில் மறுபடி காது வைத்துக் கேட்டார். பிறகு வழக்கம்போல அரைக் கிலோ சர்க்கரை கேட்டார்.

எல்லாம் தெரிந்த பிறகும், நான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.