'முடிந்தது' என்றால் என்ன?

நேற்று மெட்ரோவில் பக்கத்தில் வந்து நின்றவரின் சட்டையில் கூலன்ட் வாசனை. இரும்பு கடையும்போது மெஷினில் ஊற்றுவார்களே, அந்த வெள்ளைத் தண்ணீர். எத்தனை துவைத்தாலும் போகாது. அதை மோந்துகொண்டே நின்றதில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. வீட்டில் காத்திருக்க யாருமில்லை, பரவாயில்லை.

பெங்களூர் பீன்யாவில் ஒரு கியர் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? பஞ்சாயத்துதான். மெஷினின் மென்பொருள் 'முடிந்தது' என்றால் கடைந்தாயிற்று என்று பொருள். பிளானிங் மென்பொருளோ, லாரியில் ஏற்றலாம் என்று எடுத்துக்கொள்ளும். லாரி வந்து நிற்கும்; கியர் உலையில் வெந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் பொதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருளை எழுதித் தர வேண்டும். அதற்கு ஆன்டாலஜி என்று பெயர். அம்மாவிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரி வேலையாடா?" என்றாள்.

கூட வேலை பார்த்தவள் ஸ்டெல்லா. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவாள்.

"முடிஞ்சுதுன்னா இன்னாப்பா? கடைஞ்சுதா, சுட்டுதா, கழுவுனதா?" என்று ஆரம்பித்தாளானால் சாப்பாடு ஆறிப்போகும்.

நடுவில் பிளானிங் நாகராஜ் மேலேயிருந்து இறங்கி வருவார். "ஆய்த்தா?" என்பார் கன்னடத்தில். ஆகவில்லை என்றால் திட்டிவிட்டு, எங்களோடு டீ குடித்துவிட்டு, மகளுக்கு வரன் அமையாததைச் சொல்லிப் புலம்பிவிட்டுப் போவார். ஸ்டோர்காரர், குவாலிட்டி மேடம், எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். எங்கள் அறை கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

கடைசியில் அந்த ஒரு சொல்லை நான்காகப் பிரித்தோம். ஒருநாள் காலையில் லாரி வந்தபோது கியரெல்லாம் தயாராக இருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

"ரெண்டும் பேசிக்கிச்சுங்கப்பா!" என்று ஸ்டெல்லா கைதட்டினாள். நானும் தட்டினேன்.

அப்புறம் நாகராஜ் கீழே வரவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மற்றவர்களும் வரவில்லை. ஸ்டெல்லாவை இதே வேலைக்குப் புனேவுக்கு அனுப்பிவிட்டார்கள். "போயி போன் பண்றேன்" என்றாள். பண்ணினாள், கொஞ்ச நாள்.

நான் அங்கேயே இருந்தேன். ஒரு சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன், "இன்னா சார், கெளம்பிட்டீங்களா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செருமிக்கொண்டு, வேண்டுமென்றே அவரிடம் மழையைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் போகும் ஆபீஸில் கேட்டில் ஆள் கிடையாது. கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறது.