ஜலஜா துடைக்காத பலகை

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணிடம் உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்? என்றாவது யோசித்திருக்கிறீர்களா?

தில்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சங்கரநாராயணன் யோசித்ததில்லை. விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஜலஜா அவரை யோசிக்க வைத்தார்.

குடியிருப்பின் பொது அறையில் ஞாயிறு மதியம் ஜலஜா சில பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தார். எல்லோரும் எங்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் ஒருவர் அம்பிகா. தில்லியில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்தபோது வீட்டை இழந்து, இந்தப் பக்கம் வாடகை அறைக்கு வந்தவர். பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பாக்கி. தேறிவிட்டால் மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மறுதேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவரைத் தடுக்கி விழ வைத்தவை முரணைச் சொல்லும் சொற்கள். தமிழில் ‘இருந்தாலும்’ என்ற ஒன்றை வைத்தே ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் ஆல்தோ வந்தால் இரண்டு செய்திகளும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். ஹவெவர் என்றால் முதல் செய்தியை முடித்து, புள்ளி வைத்து, புதிதாகத் தொடங்க வேண்டும். டெஸ்பைட்டுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் போதும். பாடப்புத்தகத்திலோ எந்த உதாரணத்திலும் மழை பெய்கிறது. இருந்தாலும் எல்லோரும் பூங்காவுக்குப் போகிறார்கள்.

“மழ பேஞ்சா நாங்க ஏன்க்கா பார்க்குக்குப் போறோம்? தண்ணி உள்ள வந்துரும், கட்டில் மேல ஏறி நிப்போம்” என்றார் அம்பிகா.

“அச்சா, உனக்குத் தெரிஞ்சதையே எழுது” என்றார் ஜலஜா.

அம்பிகா பலகையில் ஆல்தோ போட்டு எழுதினார்: மேடம் வீட்டில் மூன்று கழிப்பறை இருந்தாலும், நான் பெட்ரோல் பங்க்குக்குப் போகிறேன். பக்கத்தில் உஷாராணி எழுதினார்: இங்கே இரண்டு லிஃப்ட் இருக்கிறது. ஹவெவர், எங்களுக்குக் குப்பை லிஃப்ட்தான்.

“எந்த மேடம்டீ?” என்று ஒருத்தி கேட்க, “எல்லா மேடமுந்தான்” என்று சிரித்தார்கள்.

அதற்குள் சங்கக் கூட்டத்துக்கு அறையைத் திறந்து வைக்க சங்கரநாராயணன் வந்துவிட்டார்.

“என்னம்மா ஜலஜா இது? சொசைட்டி மானமே போறது. ஜல்தி தொடைங்கோ. இல்லேன்னா இனிமே ரூம் கிடையாது.”

“இதுல எது பொய்னு சொல்லுங்கோ, தொடைக்கறேன்.”

“இங்கிலீஷ் கத்துக்க வந்தாளா, புகார் எழுத வந்தாளா?”

“எதுக்கு சார் இங்கிலீஷ் கத்துக்கறது? உங்களுக்குக் குட்மார்னிங் சொல்லவா?”

ஆனால் தேர்வு எழுதப்போவது ஜலஜா அல்ல. அவர் அம்பிகாவைத் திரும்பிப் பார்த்தார். அறை இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

அம்பிகா டஸ்டரைக் கையில் எடுத்தார்.

“தொடச்சா ரூம் கெடைக்கும். நாளைக்கும் பங்க்குக்குத்தான போவணும்? வேணாம்க்கா. வேற எடம் பாப்போம்.”

டஸ்டரைச் செயலாளரின் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினார். சங்கரநாராயணனே துடைத்தார்.

இப்போது வகுப்பு ஜலஜா வீட்டு ஹாலில் நடக்கிறது, ஏழாவது மாடியில். முதல் நாள் காவலாளி குப்பை லிஃப்டைக் காட்டினார். “பையா, இவங்க என் விருந்தாளிங்க” என்று இந்தியில் சொல்லி, குடியிருப்பவர்களின் லிஃப்டின் கதவு மூடாதபடி கையை வைத்துக்கொண்டு, கடைசிப் பெண் ஏறும்வரை நின்றார் ஜலஜா. சங்கம் விளக்கம் கேட்டது. “ஆமாம், ஏற்றினேன். இனியும் ஏற்றுவேன்” என்று பதில் எழுதினார். அம்பிகாவுக்கு அடுத்த வாரம் தேர்வு. டெஸ்பைட் இன்னும் கொஞ்சம் தகராறு செய்கிறது.

உங்கள் குடியிருப்பிலும் ஒரு பொது அறை வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, உங்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்களுக்காக அதன் சாவியைக் கேளுங்கள்.